இடதுபுறக் கண்ணாடியில் ஒரு மஞ்சள் விளக்கு

அநியாயம் இழைக்கப்பட்டது பிலோமினாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு. இழைத்தவர்கள் இரண்டு பேர்: அவளுடைய கணவர் சவரிராஜ், அவளுடைய ஒரே மகள் இன்ஃபேன்டாவாகிய நான், வீட்டில் இன்பா. ஏழு மாதமாக அப்பாவின் இடது கண் ஓரத்திலிருந்து அணைந்துகொண்டு வருகிறது, வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது, இது எனக்கும் அவருக்கும் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது, தெரியாமல்தான் அவர் ஓட்டுகிற வண்டியில் ஏறி உட்காருகிறாள், அதுவும் இடது பக்கத்தில், அவர் பார்வை எட்டாத பக்கத்தில். இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நேராக வந்த புடவை, மடியில் கைப்பை, கைப்பைக்குள் புது வண்டியில் மாட்டுவதற்கென்று வேளாங்கண்ணியில் வாங்கிய செபமாலை. வண்டியையே இன்னும் வாங்கவில்லை, அதற்குள் செபமாலை. கரூர் பைபாஸ் ரோட்டு ஷோரூமிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தோம். டெஸ்ட் டிரைவ். அப்பா ஸ்டியரிங்கில், அவருக்கு இடப்பக்கம் விற்பனைக்காரர் கோகுல்நாத், அவர் பின்னால் அம்மா, அப்பா பின்னால் நான். குடமுருட்டிப் பாலம் தாண்டிப் போய்த் திரும்பி வர இருபது நிமிடம் என்றார் கோகுல்நாத். இந்த இருபது நிமிடத்துக்குள் நான் வாயைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் திரும்பியதும் அப்பா புக்கிங் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார், போட்டுவிட்டால் யாரையாவது கொன்ற பிறகுதான் இந்த ஸ்டியரிங்கை விடுவார். கொன்ற பிறகு. எவ்வளவு சாதாரணமாக நினைத்துவிட்டேன் அந்த வார்த்தையை, ஏசி குளிரில், புது சீட் வாசனையில்.

சீட் நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் முழங்காலுக்கு இந்த உயரம் சரி, குனிந்து விழவும் வேண்டாம், ஏணி வைத்து ஏறவும் வேண்டாம், கதவைத் திறந்து அப்படியே பின்பக்கத்தை வைத்துச் சரிந்தாள், "இது பரவால்லங்க, பழைய காருக்குள்ள எறங்கறது கெணத்துல எறங்கற மாதிரி" என்றாள். பின்சீட்டில் தொடைக்குத் தாங்கல் போதாது, மூன்று பேர் என்றால் நடுவில் இருப்பவர் பாவம், மெதுவாகப் போகும்போது சின்னப் பள்ளம்கூட இடுப்பில் தெரிகிறது, ஆனால் வெள்ளைக்கோடு போடாத வேகத்தடையில் அடி தட்டவில்லை, அதை அப்பா வேண்டுமென்றே ஏற்றிப் பார்த்தார். "உயரமா உக்காந்து ஓட்டலாம் சார், பெரிய எஸ்யூவி வியூ, ஆனா நீளம் நாலு மீட்டருக்குள்ள, சந்துல சின்னக் காரு மாதிரி திரும்பும்" என்று கோகுல்நாத் சொல்ல, "எங்க சந்தப் பாத்துட்டுச் சொல்லுங்க தம்பி, உறையூர்ல எங்க தெருவுல ஆட்டோவே யோசிச்சுதான் திரும்பும்" என்றார் அப்பா. "கூரையில கண்ணாடி எதுக்குத் தம்பி, திருச்சி வெயில்ல நாங்க உள்ள உக்காந்து வத்தலாக் காயறதுக்கா?" இது அம்மா. "ஸ்கிரீன் இருக்கு மேடம், மூடிக்கலாம்." "மூடறதுக்குத்தான்னா எதுக்குத் தொறப்பு வச்சான்?" கோகுல்நாத் சிரித்தார், அப்பாவும் சிரித்தார், எனக்கு இந்தச் சிரிப்பு பிடிக்கும், வாதம் பண்ணுகிற புத்தி எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அம்மா வாய்க்கு வந்ததை உடனே சொல்லிவிடுவாள், நான் மேடை கிடைத்தால்தான் பேசுவேன் போலிருக்கிறது. விடுதிக் கதவை ஆறரை மணிக்குப் பூட்டக் கூடாது என்று துணைவேந்தர் அறை வாசலில் மூன்று மணி நேரம் பேசினேன். உண்மையை மறைப்பதும் ஒரு வன்முறை என்று பேசினேன். கைதட்டினார்கள். அன்றைக்கும் அப்பாதான் வந்து என்னை வண்டியில் கூட்டிப்போனார்.

அப்பா இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் அடிபட்டு வந்து நிற்கிற வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, தடவி, எந்த வண்டி எந்தப் பக்கமிருந்து என்ன வேகத்தில் வந்து மோதியது என்று எழுதிக்கொடுப்பவர். இருபத்தெட்டு வருஷம். பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, எங்கே எந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டி நின்றாலும் தானே ஓட்டிக்கொண்டு போவார். ஷோரூமிலும் இந்தக் காரைச் சுற்றி வந்து முன் பம்பரைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார், "லேசா இடிச்சாலே இந்த ரேடாரும் சேந்து போகுமே தம்பி, மாத்த எத்தன நாள் ஆகும்?" என்றார். "சார், உங்களுக்கு வண்டி விக்கறது கம்பவுண்டருக்கே ஊசி போடற மாதிரி சார்" என்றார் கோகுல்நாத். ரேடார் என்று அப்பா சொன்னபோது அவர் குரல் மாறியதை நான் மட்டும் கேட்டேன். அவருக்கு இந்தக் கார் எதற்கு என்று அம்மா நினைப்பது வேறு. வயசாச்சு, ஆசைப்படுகிறார், கொஞ்சம் நல்ல வண்டியாக வாங்கட்டும் என்று நினைக்கிறாள். அவர் வாங்குவது கண்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு கண்ணாடிக்கும் கீழே ஒவ்வொன்று, வண்டியைச் சுற்றி நான்கு கேமரா, பக்கத்தில் யாராவது வந்தால் கண்ணாடியில் மஞ்சள் விளக்கு எரியும், கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங் அதிரும், முன்னால் ஆள் வந்தால் தானே பிரேக் போடும். "இருக்கறதுலயே டாப் மாடல்தான் வேணும்" என்று அவர் அடம்பிடித்தது சொகுசுக்காக இல்லை, கீழ் மாடல்களில் கண் இல்லை. என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை எழுத வேண்டிய நாளில் நான் நூலகத்தில் உட்கார்ந்து இந்த வண்டியின் கையேடு முழுவதையும் படித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வாக்கியம்: இந்த வசதி ஓட்டுநரின் கவனத்துக்கு மாற்று அல்ல. சேறு படிந்தால் வேலை செய்யாமல் போகலாம். கனமழையில் போகலாம். எதிர்வெயிலில் போகலாம். திருச்சியில் சேறும் எதிர்வெயிலும் இல்லாத நாள் எது என்று கையேடு எழுதியவனைக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் படித்துக்கொண்டே இருந்தேன், எங்காவது ஒரு பக்கத்தில், பார்வை குறைந்தவர்களும் ஓட்டலாம் என்று எழுதியிருக்கும் என்பது போல.

அந்தக் கிண்ணம் ஞாபகம் வருகிறது. கண் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள், ஒரு கண்ணைக் கட்டினார்கள், கிண்ணத்துக்குள் அங்கங்கே ஒளிப்புள்ளி மின்னும், மின்னும்போதெல்லாம் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். அப்பா டக் டக் டக்கென்று அழுத்தினார், வெளியே நின்ற எனக்குப் பெருமையாக இருந்தது, இவ்வளவு வேகமாக அழுத்துகிறார், எல்லாம் தெரிகிறது. டாக்டர் ஒரு சின்னப் பெண், என்னைவிட நாலைந்து வயசு கூட இருந்தால் அதிகம். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சார், புள்ளி வராதப்பவும் அழுத்தியிருக்கீங்க. இது பாஸ் பண்ற பரீட்சை இல்ல சார்" என்றார். அப்பா காதுவரை சிவந்து உட்கார்ந்திருந்தார். மறுபடியும் முகத்தை வைத்தார். இந்தத் தடவை பொத்தான் சத்தத்துக்கு நடுவே நீள நீளமான இடைவெளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் அந்த இடைவெளிகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்த காகிதத்தில் இடது பக்கம் மை கொட்டிய மாதிரி இருந்தது. கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், சொட்டு மருந்து தவறக் கூடாது, வண்டி ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். கறுப்பாகத் தெரியுமா என்று நான்தான் கேட்டேன். தெரியாது என்றார் அந்தப் பெண். போன இடத்தை மூளை பக்கத்தில் இருப்பதை வைத்து நிரப்பிக்கொள்ளும், அதனால்தான் இவ்வளவு நாள் சாருக்கே தெரியவில்லை, ரோடு இருக்கும், ரோட்டில் வருகிற ஆள் இருக்க மாட்டார். நிறுத்திடறேன் மேடம் என்றார் அப்பா. கீழே வந்தார். சாவியை எடுத்தார். கதவைத் திறந்தார். "ஏறு இன்பா." நான் ஏறினேன். வழியில் ஜூஸ் கடையில் நிறுத்தி எனக்கு சாத்துக்குடி வாங்கிக்கொடுத்து, "அம்மாகிட்ட வேணாம். உன் படிப்பு முடியட்டும், ஒரு வருஷம். உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அவ தூங்க மாட்டா, என்னையும் வேலைக்குப் போக விட மாட்டா. நீ பெரிய பொண்ணு, உன்கிட்டதான் இதச் சொல்ல முடியும்" என்றார். பெரிய பொண்ணு. அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்தேன். இருபத்திமூன்று வருஷத்தில் முதல் தடவையாக என்னைச் சமமாக நடத்துகிறார் என்று நினைத்தேன். சமமாக நடத்தவில்லை, கூட்டாளி ஆக்கினார். அம்மாவிடம் கண் காய்கிறது, கம்ப்யூட்டர் பார்ப்பதால் என்று சொல்லிச் சொட்டு மருந்து போட்டுக்கொள்கிறார், சில நாள் அம்மாவே போட்டுவிடுகிறாள், "கண்ணத் தொறங்க, சின்னப்புள்ள மாதிரி சுருக்காதீங்க" என்று அதட்டுவாள், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

டிங் டிங் டிங். "என்னது இது, கத்திக்கிட்டே இருக்கு?" என்றார் அப்பா. "லெஃப்ட்ல பஸ் வருது சார், நீங்க லெஃப்ட்ல இண்டிகேட்டர் போட்டீங்கல்ல, அதான், கண்ணாடில பாருங்க, மஞ்சள் விளக்கு எரியுது." "ஆமாமா, தெரியுது தெரியுது." தெரியவில்லை. இண்டிகேட்டரை அணைத்தார், பஸ் எங்கள் ஜன்னலை உரசுவது போலக் கடந்து போனது, அம்மா முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டாள், மூடிய ஜன்னலுக்குள் இருந்துகொண்டே இழுத்துக்கொண்டாள். அப்பாவின் பின்னந்தலையைப் பார்க்கிறேன், புதிதாக முடி வெட்டியிருக்கிறார், காதுக்குப் பின்னால் கத்தரிக்குத் தப்பிய ஒரு முடி நீட்டிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், எவ்வளவு சந்தோஷமாக. பழைய காரின் இடது பக்கம் முழுக்கக் கீறல். முன்கதவில் கேட் உரசியது, பின்கதவில் எங்கள் தெரு மின்கம்பம், சக்கரத்து மேலே எதுவென்றே தெரியாத பச்சைப் பெயின்ட். வலது பக்கம் கண்ணாடி மாதிரி சுத்தம். இன்னொருவர் காராக இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார், இந்த ஆளுக்கு இடது பக்கம் பார்வை இல்லை என்று அறிக்கையில் எழுதி முத்திரை வைத்திருப்பார். தன் காருக்கு, "பார்க்கிங்ல எவனோ தேச்சுட்டுப் போயிட்டான்" என்றார். நானும் ஆமாம்ப்பா என்றேன். அதுவாவது சும்மா ஆமாம் போட்டது. சான்றிதழ்? மூன்று மாதத்துக்கு முன்னால் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டி வந்தது, நல்ல பார்வை இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்து வேண்டும். எங்கள் ஊரில் அதற்கெல்லாம் யாரும் கண்ணைக் காட்டுவதில்லை, பாரத்தைக் காட்டினால் போதும். என்னைத்தான் அனுப்பினார். அப்பாவின் நண்பர், டாக்டர் பெர்னார்டு மாமா கிளினிக்கில் கூட்டம், மாமா பாரத்தை வாங்கி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, "அப்பா நல்லாருக்காரா? சாயங்காலம் கேரம் ஆட வரச் சொல்லு" என்றார். தேங்க்ஸ் அங்கிள் என்றேன். நான். ஊழலுக்கு எதிராக நோட்டீஸ் அடித்தவள். மை காய வேண்டுமென்று அந்தப் பாரத்தை ஊதிக்கொண்டே வந்தவள்.

பாலம் தாண்டித் திரும்பிவிட்டோம், பத்து நிமிடம் போய்விட்டது, பேசு, இப்போது பேசு. என்ன பேசுவது? எதிர்த்தரப்பாக நின்று பார்க்கிறேன். சொன்னால் என்ன ஆகும்? வேலை போகும். ஓட்டாத சர்வேயரை யார் கூப்பிடுவார்கள், டிரைவர் வைத்துக்கொள்ளலாமே, வைத்துக்கொள்ள மாட்டார், நாலு ஒர்க்‌ஷாப்பில் கைபிடித்து இறக்கிவிடுவதைவிடச் செத்துப்போகலாம் என்பார். அவர் முகம் ஒரே நாளில் கிழடாகும். அதற்கு நான் காரணம் என்று இருக்கும். சொல்லாவிட்டால்? யாரோ ஒருவர், பெயர் தெரியாதவர், காய்கறிப் பையோடு ரோட்டைக் கடக்கிறவர், அவருக்கும் வீட்டில் ஒரு இன்பா இருப்பாள். இல்லை, யாரோ என்று ஏன் சொல்கிறேன், அம்மா, இடது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் அம்மா. அப்படியானால் சொல். எப்படிச் சொல்வது, கோகுல்நாத் முன்னாலா, வெளியாள் முன்னால் அவரை அவமானப்படுத்துவதா? அப்படியானால் ஷோரூமில் இறங்கி. இறங்கினால் கையெழுத்து. அப்படியானால் வீட்டில். வீட்டில் ஏழு மாதமாகச் சொல்லவில்லையே. ஒரு பக்கம் முடிந்தால் மறுபக்கம் எழுந்து நிற்கிறது, இரண்டு பக்கமும் நானே பேசுகிறேன், நடுவர் யாரும் இல்லை, மணி அடிக்க ஆள் இல்லை. "மேடம் நீங்க ஓட்டிப் பாக்கறீங்களா?" என்று கோகுல்நாத் என் பக்கம் திரும்பிக் கேட்டார். "அவளுக்கு ஓட்டத் தெரியாது தம்பி, வாய்தான் ஓடும்" என்றாள் அம்மா. உண்மைதான். பெண்கள் நடமாடும் உரிமை பற்றி இரண்டாம் அத்தியாயம் எழுதுகிற எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது, எப்போதும் அப்பா வந்து நின்றார், நான் ஏறிக்கொண்டேன். தெரிந்திருந்தால் நான் ஓட்டறேன்ப்பா என்று ஒரு வார்த்தையில், யாருக்கும் வலிக்காமல், எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். இப்போது வலிக்காமல் முடிக்க வழியே இல்லை. பிரேக். உடம்பு முன்னால் பாய்ந்தது, பெல்ட் தோளை அறுத்தது, அம்மாவின் கைப்பை கீழே விழுந்தது, டேஷ்போர்டில் சிவப்பாக ஏதோ கத்தியது, முன்னால், இடது மூலையில், ஒரு கை தூரத்தில், பால் கேன் கட்டிய மொபெட்டோடு ஒரு பெரியவர். சந்திலிருந்து வந்திருக்கிறார். நான் பார்த்தேன். வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், சந்து முனையில் அவர் தலை தெரிந்ததிலிருந்து, அப்பாவும் பார்க்கிறார் என்று என் மூளையும் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

"யோவ், பெரிய காருன்னா ஆளு மேல ஏத்திருவியா? கண்ண எங்கய்யா வச்சிருக்க?" பெரியவர் பானெட்டில் ஓர் அடி அடித்துவிட்டு, கேனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே போனார். கோகுல்நாத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா சார்! நீங்க பிரேக்கத் தொடவே இல்ல, வண்டியே புடிச்சிருச்சு! இத டெமோ காட்டுன்னு கேட்டாக்கூடக் காட்ட முடியாது சார்!" அப்பா ஒரு கணம் முன்னால் காலியாகிவிட்ட ரோட்டையே பார்த்தார், பிறகு சிரித்தார். "வண்டி என்ன செய்யுதுன்னு பாக்கத்தான் தம்பி விட்டேன். பரவால்ல, நல்லாவே புடிக்குது." புள்ளி இல்லாத இடத்தில் பொத்தானை அழுத்துகிறார். காரை ஓரமாக நிறுத்தியும் நிறுத்தாமலும் நின்றோம், பின்னால் ஹாரன், ஏசி மட்டும் சன்னமாக ஓடுகிறது. அம்மா கைப்பையைக் கீழிருந்து எடுத்து மடியில் வைத்தாள். அதன் தூசியைத் தட்டினாள். "ஏங்க, வேணும்னேவா விட்டீங்க?" "ஆமா பிலோ, ஒரு டெஸ்ட்டுதானே." "பின்னாடி நாங்க உக்காந்திருக்கோம். முன்னாடி ஒரு மனுசன் வர்றாரு. டெஸ்ட்டு?" "அட, ஒண்ணும் ஆகலல்ல." "மேடம், இந்த சென்சார் வந்து..." "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க தம்பி." அம்மா அப்பாவின் பின்னந்தலையையே பார்த்தாள், அங்கே நீட்டிக்கொண்டிருக்கிற அந்த முடியை, இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிற தலையை. என்ன கணக்குப் போடுகிறாள், மின்கம்பத்தையா, பச்சைப் பெயின்ட்டையா, தன் கையாலேயே ஊற்றிய சொட்டு மருந்தையா? பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்பா. நீ சொல்லு. அந்த ஆள அப்பா பாத்தாரா?" நான் ஜன்னலைப் பார்த்தேன். "உன்னத்தான். ஊருக்கெல்லாம் ஆயிரம் பேசுவ. இதுக்கு மட்டும் பதில் சொல்லு." நடுக் கண்ணாடியில் அப்பாவின் கண்கள் என்னிடம் வந்தன. கோபமாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும், கோபத்தோடு எனக்குச் சண்டை போடத் தெரியும். கெஞ்சின. அழகான கண்கள், பார்த்தால் எதுவுமே இல்லாதது போல, முழுசாக, ஈரமாக, ஒரு வருஷம் கேட்டேன், ஐந்து மாசம்தானே பாக்கி என்று கெஞ்சின. நான் பேசினால் இனி அவர் என்னை எங்கேயும் கூட்டிப்போகப் போவதில்லை. பேசாவிட்டால் அம்மா இனி நான் சொல்கிற எதையும் கேட்கப் போவதில்லை, ஏனென்றால் அவளுக்கு ஏற்கெனவே பாதி புரிந்துவிட்டது, மீதிப் பாதியை என் வாயிலிருந்து கேட்பதற்காகத்தான் இப்படித் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள், முழங்கால் வலியோடு. பின்னால் மறுபடியும் ஹாரன். பார்த்தார் என்று சொல்வதற்கு ஒரு மூச்சு போதும், அந்த மூச்சு வாய்வரை வந்தது, வந்ததை விழுங்கினேன், கைகள் அம்மாவின் புடவை ஓரத்தைப் பிடித்திருந்தன, எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

"பாக்கலம்மா. இடது பக்கம் அவருக்குப் பார்வை போய் ஏழு மாசம் ஆச்சு. நானும் சேந்துதான் உன்கிட்ட மறைச்சேன்."